குன்றுக்கு ஒரு கண்மாய்

மதுரையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்கள் பலர் மேலூர் தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். நான்கு வழிச்சாலை வந்த பிறகு கருங்காலக்குடியும் கொட்டாம்பட்டியும் அவர்களுக்குச் சாலையோரப் பச்சைப் பலகைகள், அவ்வளவுதான். விழித்திருந்தால் வலது பக்கம் தூரத்தில் பிரான்மலை தெரியும். இடது பக்கம் அழகர்மலை நீண்டு கிடக்கும், அதற்கு வடக்கே கரந்தமலை. இந்தப் பெரிய மலைகளுக்கு நடுவே, பொட்டலில் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைகளும் கரடுகளும் எத்தனையோ. கொட்டாம்பட்டி இவற்றுக்கு மத்தியில் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் வடகோடி அது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி, மேற்கே போனால் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம்.

மலைப்பாதை சைக்கிள் என்றால் நம் ஆட்கள் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்த மலைகள் மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் மதுரைக்காரனுக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படி ஒரு பாறைக்காடு இருக்கும்போது, மலைச்சாலையில் கார்களுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு மிதிப்பதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நான்கு சைக்கிள்களையும் டாடா ஏஸில் ஏற்றிக் கட்டி, விடிவதற்குள் கொட்டாம்பட்டியில் இறங்கினோம். எங்களில் ஒருவர் மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர் ‘பங்காளி’. இன்னொருவர் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். நான்காமவர் தோழி, செவிலியர். அவருக்குத் தாய்வீடு இந்தப் பக்கம். அவருடைய தாய்மாமாவின் தோப்பில்தான் ராத்தங்கல்.

காட்டில் கூடாரம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்திருக்கிறது. அதில் போகலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் நம் இஷ்டத்துக்குக் காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது கூடவே கூடாது. பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம், பக்கத்தில் கிணறு, இந்த மூன்றும் இருக்கிற தோப்புதான் பாதுகாப்பு. அதில் இன்னொரு லாபமும் உண்டு. காட்டில் தங்கினால் காட்டை மட்டும் பார்ப்போம், தோப்பில் தங்கினால் ஊரையும் பார்க்கலாம்.

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முந்திரி முக்கியமான விளைச்சல். ஊரைவிட்டு வெளியே வந்து செம்மண் பாதையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் முந்திரிமரங்கள் தாழக் கிளை விரித்து நின்றன. சைக்கிளில் போகிறவன் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். அந்த நேரத்தில் பூ ஒரு கிளையிலும் பிஞ்சு இன்னொரு கிளையிலும் இருக்கும். சில மரங்களில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. பாதை முழுக்கச் சருகு. சருகுக்கு அடியில் மணலா, கல்லா, வேரா என்பது சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். பங்காளி முன்னால் போய்க்கொண்டே, “மாப்ள, காத்தைக் கொஞ்சம் இறக்கு, டயர் பிடிக்கட்டும்” என்று குரல் கொடுத்தார். டயரை விறைப்பாக வைத்துக்கொண்டு இந்தத் தரையில் ஓட்டினால் சக்கரம் துள்ளும், கை மரத்துப்போகும். காற்றைக் குறைத்தால் ரப்பர் தரையோடு படிந்து போகிறது.

ஒரு தோப்பின் ஓரத்தில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டுக் கிளறக் கிளற, ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கிறது. கறும்புகை. கொஞ்சம் பொறுத்துச் சட்டியைக் கவிழ்த்து, தீயை அணைத்து, ஆறவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டி உடைக்கிறார்கள். பலமாகத் தட்டினால் பருப்பு நொறுங்கிவிடும், மெதுவாகத் தட்டினால் ஓடு திறக்காது. அந்த ஓட்டெண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், அதனால் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றதும் ஒரு அக்கா முறத்திலிருந்து சூட்டோடு நாலு பருப்பை எடுத்துக் கையில் வைத்தார். “முழுசா இருக்கிறது கடைக்கு. உடைஞ்சது உங்களுக்கு, சாப்பிடுங்க தம்பி.” புகை வாசம் ஏறிய அந்தப் பருப்பின் ருசி கடைப் பொட்டலத்தில் வராது. அவருடைய விரல் நுனிகள் கறுத்து, ரேகை தெரியாமல் இருந்தன. நெடுஞ்சாலையில் கார்க்காரர்கள் முந்திரிக்குப் பேரம் பேசுவது இந்தக் கைகளோடுதான்.

தோப்புகளைத் தாண்டினால் கண்மாய்கள். மேலூர்ப் பக்கம் பெரியாற்று அணைத் தண்ணீர் வருகிறது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்து, மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பிறகு மேலூர் நெல் பூமியாகிவிட்டது. கொட்டாம்பட்டிப் பக்கம் அப்படி இல்லை. இங்கே பெரும்பாலும் மானாவாரி, கிணறு, கண்மாய். கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கால் வலிக்க மிதித்துத் தெரிந்துகொள்வது வேறு. கரையேறிப் போனோம், கலுங்கைத் தாண்டினோம், வரத்துக்கால் பிடித்து மேலே போனோம். அது ஒரு கரட்டின் அடியில் போய் முடிந்தது. அங்கிருந்து திரும்பி இன்னொரு வரத்துக்கால் பிடித்தால் இன்னொரு பாறை. ஒவ்வொரு குன்றின் காலடியிலும் ஒரு கண்மாயோ ஊருணியோ இருக்கிறது. மண் மழையைக் குடிக்கும். பாறை குடிக்காது, விழுந்த மழையை அப்படியே கீழே இறக்கிவிடும். நூறு ஏக்கர் மொட்டைப் பாறை என்றால் அது நூறு ஏக்கர் வீட்டுக் கூரை, கண்மாய் அதன் வாசலில் வைத்த அண்டா. இதைக் கண்டுபிடித்துக் கரை போட்டவர்கள் யாரென்று எந்தக் கல்லிலும் இல்லாத கண்மாய்களே இங்கு அதிகம்.

பாறையில் ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொல்லியல் சின்னமோ கோயிலோ இல்லாத, ஆடு மேய்க்கிறவர்கள் ஏறி இறங்குகிற ஒரு வழுக்குப் பாறையைப் பங்காளி முன்பே பார்த்து வைத்திருந்தார். காய்ந்த பாறையில் டயர் நம்ப முடியாத அளவுக்குப் பிடிக்கிறது. நடந்து ஏறவே யோசிக்கிற சரிவில் சின்னக் கியர் போட்டு உடம்பை முன்னால் சாய்த்து மிதித்தால் சைக்கிள் ஏறிவிடுகிறது. ஆனால் பாறை முழுக்க ஒரே மாதிரி இல்லை. மழைநீர் வழிந்து வழிந்து கறுப்புக் கோடுகளாகப் பாசி காய்ந்து கிடக்கும், அதில் ஈரம் இருந்தால் சக்கரம் நிற்காது. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பாறையின் தோல் அப்பளம் போலப் பொரிந்து நிற்கும் இடங்களும் உண்டு, மேலே ஏறினால் சில்லு நழுவும். இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கை ஒரு விரலால் மட்டும் தொட்டுத் தொட்டு வர வேண்டும். பயந்து இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். உச்சியில் ஒரு சுனை இருந்தது. மழை போய் மாதக்கணக்கான பிறகும் அதில் தண்ணீர், தண்ணீரில் தலைப்பிரட்டைகள். தாவரவியல் ஆசிரியர் வண்டியைப் படுக்க வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாறை இடுக்கில் கைப்பிடி மண்ணில் முளைத்திருந்த புற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, “இந்த மண்ணு சேர எத்தனை வருசம் ஆகியிருக்கும்னு நெனைக்கிறீங்க? இது மேல சக்கரத்தை ஏத்திறாதீங்க” என்றார். அதன் பிறகு வெறும் பாறையிலேயே தடம் பார்த்து ஓட்டினோம்.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் ஒரு மலையடிவாரத்துக் கதைதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பாய்ஸ் மலைப்பக்கம், 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய்த் தீயணைப்புப் பாதைகளில் சறுக்கி இறங்கினார்கள். 1976-ல் அங்கே போட்டியே நடந்தது. ஒவ்வொரு முறை இறங்கியதும் பின் சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் போட்டிக்கே ‘ரீபேக்’ என்று பெயர். இருபது வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டி ஆகிவிட்டது. நம் பக்கத்தில் 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. அந்தத் தடங்களைப் பார்த்தவர்கள் கொட்டாம்பட்டிப் பொட்டலைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் படுவார்கள் என்று பங்காளி உறுதியாகச் சொல்கிறார். அவர் கணக்கில் இந்த மண்ணின் உண்மையான மலைச் சைக்கிள்காரர்கள் ஹெர்குலிஸில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் வருகிறவர்கள். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் ஆலையின் வண்டிகள் கியரும் ஷாக் அப்சார்பரும் இல்லாமல் இந்தக் கரடுகளில் மூன்று தலைமுறையாக ஓடியிருக்கின்றன. எதிரே அப்படி ஒருவர் வந்தார். எங்கள் வண்டியை நிறுத்திப் பார்த்து, போக்ஸ் கம்பியைச் சுண்டி, டிஸ்க் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தவர் விலை கேட்டார். பங்காளி சொன்னதும், “கேரியர் இல்லையேப்பா, எதை வச்சுக் கொண்டு போவ?” என்றார். நியாயமான கேள்வி. எங்கள் மூட்டை முடிச்செல்லாம் முதுகில் இருந்தது.

பொழுது சாயத் தோப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சீமைக்கருவேல முள் இரண்டு டயர்களைப் பதம் பார்த்துவிட்டது. ஒன்று டியூப்லெஸ், உள்ளே ஊற்றியிருந்த பால் போன்ற திரவம் ஓட்டையை அடைத்துக்கொண்டது. மற்றதை நிறுத்தி ஒட்டினோம்.

மாமாவின் தோப்பில் மாவும் தென்னையும். நடுவே ஒரு பம்புசெட், அதன் முன்னால் சிமெண்டுக் களம். “அடுப்பை இங்க மட்டும் மூட்டுங்க. அந்தப் பக்கம் சருகு, ஒரு பொறி போதும்” என்று இடத்தைக் காட்டிவிட்டு, ஒரு குடம் தண்ணீரையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கூடாரம் அடித்து முடித்ததும் தோழியின் அம்மாச்சி டார்ச் லைட்டோடு வந்துவிட்டார். பேத்தி காட்டில் படுக்கப் போகிறாள் என்பதை அவரால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார், துணியைத் தடவிப் பார்த்தார், “மழைக்குத் தாங்குமாடி?” என்றார். நாங்கள் சமைக்க வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினார்.

தோப்புக்கு அடுத்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டுமந்தையை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலக்காரர் அதற்குக் கூலி தருவார். மந்தையை மேய்க்கும் கீதாரி ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மந்தையோடு ஊர் ஊராக வருடம் முழுக்க வெளியில்தான் படுக்கை. சாப்பிட்டு முடித்து எங்கள் களத்தில் வந்து உட்கார்ந்தார். கயிற்றுக் கட்டில், கம்பளி, கைத்தடி, இரண்டு நாய்கள், ஒரு செல்போன், அவருடைய சாமான் இவ்வளவுதான். எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னார். தலையில் மாட்டும் விளக்கு மட்டும் அவருக்குப் பிடித்தது. குட்டி போடும் ஆட்டை ராத்திரியில் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருக்கும், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொள்வது கஷ்டம் என்றார். தோழி தன் விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆறாமீன் மேற்கே சாய்வதைக் காட்டி, எந்த மாதத்தில் எந்த நேரத்துக்கு அது எங்கே நிற்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனதை ஆசிரியர் குறித்துக்கொண்டார். இந்த வட்டாரத்தில் எந்தக் கரட்டுச் சுனை கோடையிலும் வற்றாது, எந்தக் கண்மாய்க்கு வரத்து அடைபட்டுப் போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “குவாரி போட்ட பக்கம் ஆட்டை ஓட்டுறதில்ல. பள்ளம் எங்க இருக்குன்னு தெரியாது” என்றார். ராத்திரி பக்கிக்குருவி விடாமல் கத்தியது. கிடை நாய்கள் இரண்டு முறை எழுந்து குரைத்தன. விடியற்காலையில் நல்ல பனி.

மறுநாள் காலை, கண்மாயில் மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து, தண்ணீர் குறைந்ததும் மேலூர், சிங்கம்புணரி வட்டாரக் கண்மாய்களில் நடப்பது. நாங்கள் போனபோது கரை முழுக்கச் சனம். டிராக்டரிலும் டூவீலரிலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். வலை, கச்சா, பழைய சேலை, கொசுவலை என்று கையில் கிடைத்ததெல்லாம். எனக்கு ஊத்தாவைப் பார்க்கப் பிடித்திருந்தது. மேலே சின்ன வாயும் கீழே அகன்ற வாயும் உள்ள, அடியில்லாத கூடை. கலங்கிய தண்ணீரில் அதை டக்கென்று குத்துகிறார்கள். உள்ளே மீன் மாட்டினால் கூடையில் முட்டுவது கையில் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். கெளுத்தி என்றால் முள் குத்தும், விரால் என்றால் வழுக்கும். ஒரு சிறுவன் அரைமணி நேரம் குத்திக் குத்தி ஒரு ஜிலேபிக் கெண்டையோடு வெளியே வந்தான். அதைப் பார்த்து அவன் அப்பா கரையிலிருந்து போட்ட சத்தம் இருக்கிறதே! பிடித்த மீனை விற்க மாட்டார்கள், வீட்டுக்கு வீடு குழம்புதான். இப்படி எல்லாரும் கூடிப் பிடித்துச் சாப்பிட்டால் அடுத்த வருடம் மழை தவறாது என்பது நம்பிக்கை. எங்களுக்கும் இரண்டு விரால் கிடைத்தது, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அங்கிருந்து கருங்காலக்குடி. ஊருக்குப் பக்கத்தில் பஞ்சபாண்டவர் குட்டு என்கிற குன்று. பாறைக்கு அடியில் வெட்டிய சமணப் படுக்கைகள், மேலே தமிழ் பிராமிக் கல்வெட்டு, ஏழையூரைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்த பள்ளி என்பது செய்தி. பிற்காலத்தில் அச்சணந்தி என்ற துறவி செய்வித்த தீர்த்தங்கரர் உருவமும் உண்டு. சைக்கிள்களைக் கீழேயே பூட்டிவிட்டு நடந்து ஏறினோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து இருக்கும் பாறையில் சக்கரம் ஏறக்கூடாது. படுக்கையில் கை வைத்துப் பார்த்தால் தலைமாட்டில் பாறையையே கொஞ்சம் உயரமாக விட்டுச் செதுக்கியிருப்பது தெரிகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் கீழே ஏதோ ஒரு நீர்நிலைக்குத்தான் போயிருக்கும்.

மேலூர்ப் பக்கம் நெருங்க நெருங்கக் குவாரிகள். குன்று இருந்த இடத்தில் செங்குத்தாக வெட்டிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். பள்ளத்தின் விளிம்பில் விடப்பட்ட கற்கள் வீடு உயரம். அவற்றில் பெயிண்டால் எண் எழுதியிருக்கிறது, ஓரம் முழுக்க டிரில் போட்ட பாதித் துளைகள் வரிசையாக. 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் இந்தக் குவாரிகளில் நடந்த கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். பிறகு உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. பணத்தின் கணக்கு அது. வெட்டிப்போன குன்றுகளின் அடியில் இருந்த கண்மாய்களுக்கு வரத்து என்ன ஆனது என்ற கணக்கை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் யாரும் போட்டுவிடலாம்.

அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி இதற்கு நேர்மாறு. கழிஞ்சமலை முழுசாக நிற்கிறது. தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அரிதான இலகுலீசர் சிற்பம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசே கணக்குக் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் இந்தப் பகுதியையும் சேர்த்து 2,015 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் ஒதுக்கியது. டிசம்பரில் அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு மதுரை நோக்கி நடந்தன. ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. டீக்கடையில் ஒரு ஐயா அதை எங்களுக்கு மணி வாரியாகச் சொன்னார். எந்த ஊர் எத்தனை டிராக்டர் கொண்டு வந்தது, வழியில் யார் யார் மோர் ஊற்றினார்கள் என்பது வரைக்கும். “மலையை எடுத்துட்டா தண்ணிக்கு எங்கப்பா போறது?” என்று அவர் கேட்டபோது, நேற்று முழுக்க வரத்துக்கால் பிடித்து மிதித்த எங்கள் நாலு பேருக்கும் அந்தக் கேள்வி புதிதாக இல்லை.

கழிஞ்சமலையின் மேல் வல்லூறு ஒன்று வட்டமிட்டது. இங்கே லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராஜாளியும் பதிவாகியிருக்கின்றன. பாறை முகட்டில் அவை கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிற பருவம் என்பதால் ஆசிரியர் எங்களை முகட்டுப் பக்கம் போகவிடவில்லை. ஆனைகொண்டான் கண்மாயின் கரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். தை, மாசி நல்லது. பங்குனிக்கு மேல் பாறை அடுப்பாகிவிடும். மழைக்காலத்தில் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், பாசியும் வழுக்கும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான் கட்டாயம். தோப்பானாலும் கண்மாய்க் கரையானாலும் யாருடையது என்று விசாரித்து, கேட்டுவிட்டு இறங்குங்கள். குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் குளிக்காதீர்கள், ஆழம் தெரியாது, ஏறி வரப் படியும் கிடையாது. கல்வெட்டும் கோயிலும் இருக்கிற குன்றில் நடந்து ஏறுங்கள். கூட்டமாகப் போகாமல் நாலைந்து பேராகப் போனால் ஊர்க்காரர்கள் நின்று பேசுவார்கள்.

பிரான்மலைப் பக்கம் இந்த முறை போக முடியவில்லை. பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது, சுமார் 2,500 அடி உயரம், அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. அடிவாரத்தைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலேயே ஒரு சுற்று வந்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். தேதி முடிவாகவில்லை, அதற்குள் என் பின் சக்கரத்துக்குப் பெண்டு எடுக்க வேண்டும் என்று பங்காளி வண்டியைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டுவிட்டார்.